நோயற்றோர் உண்ட மருந்து

வைத்தியத்துக்கு உறுப்புகள் நான்கு என்று வகுத்தார் திருவள்ளுவர். நோயுற்றவன், அதனைத் தீர்க்கும் வைத்தியன், மருந்து, மருந்தை அருகிருந்து கொடுப்பவன் என்பன அந்நான்காம். திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' இவ்வகுப்போடு முடிவுறுகின்றது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உலகெங்கும் வைத்தியம் இந்த நான்கு தூண்களிலேயே நின்றது. ஆயின், நமது காலத்தில் ஒரு நோயை வெல்ல இந்நான்கும் போதாதுபோயின. ஐந்தாவதாக ஒருவன் வேண்டப்பட்டான். அவன் நோயாளியல்லன், வைத்தியனுமல்லன், நோயாளிக்கு உறவினனாய் இருத்தலும் வேண்டியதில்லை. தன் உடலில் யாதொரு குறையும் காணாத அயலவன் அவன். அந்த அயலவனும் மருந்துண்ண உடன்பட்டபோதுதான் நோய் தளர்ந்தது. அந்நோய் யானைக்கால் நோய். ஊர் முழுவதும் ஒருங்கே மருந்துண்டு அதனை அடக்கிய வரலாற்றையே இப்பேச்சிலே நேயர்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

யானைக்கால் நோய் பழமையானது. வடமொழி வைத்திய நூலாகிய சுசுருத சங்கிதை இதனைச் சிலீபதம் என்ற பெயரால் விரித்துரைக்கின்றது. பழைய நீர் தேங்கி நிற்கும், எப்பருவத்தும் குளிர்ச்சி நீங்காத நாடுகளில் இந்நோய் மிகுதியென்பதையும் அந்நூல் கண்டு சொல்லியிருக்கின்றது. நுளம்பைப் பற்றி எதுவும் அறியாத காலத்திலே, தேங்கிய நீருக்கும் வீங்கிய காலுக்கும் தொடர்புண்டெனக் கண்ட அந்தக் கூர்ந்த நோக்கு வியத்தற்குரியது.

எனினும், எல்லாரும் அங்ஙனம் நோக்கினாரல்லர். காரணம் அறியாத நோய்க்கு மனிதன் முதலிற் கற்பிக்கும் காரணம் பாவம், அடுத்தது சாபம். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலே கோவாவில் வாழ்ந்து திரும்பிய லின்ஸ்கோட்டன் என்னும் ஒல்லாந்தர், மயிலாப்பூர்ப் பகுதியில் வழங்கிய ஒரு கதையைத் தமது பயண நூலிலே குறித்திருக்கின்றார். புனித தோமையாரைக் கொன்றவர்களின் வழித்தோன்றல்களே யானைக்காலுடன் பிறக்கின்றனர் என்பது அக்கதை. மலையாளக் கரையிலே ஐரோப்பியர் இதனைக் 'கொச்சிக் கால்' என்றனர். மேற்கிந்தியத் தீவுகளில் இதற்குப் 'பார்படோஸ் கால்' என்று பெயர். ஒவ்வொருவரும் நோயை இன்னோர் ஊரின் தலையிலோ, இன்னொரு குலத்தின் தலையிலோ ஏற்றிவிட்டு அமைதி கொண்டனர்.

இதனால் துன்புற்றவர் யாவரென்று சொல்ல வேண்டியதில்லை. பருத்த காலையுடையவர் தொழிலிழந்தார், மணவினை தடைப்பட்டது, சந்தையிலும் கோயிலிலும் பின்னே நின்றார். அவரைத் தொட்டால் நோய் தொற்றும் என்று அஞ்சினோரும் உளர். அந்த அச்சம் எவ்வளவு தவறான இடத்தில் வைக்கப்பட்டது என்பதை விஞ்ஞானம் பின்னர் வெளிப்படுத்தியது.

1872ஆம் ஆண்டிலே கல்கத்தாவில் பணிபுரிந்த திமொதி லூயிஸ் என்ற வைத்தியர், மனித இரத்தத்திலே நெளியும் நுண்ணிய புழுக்களைக் கண்டார். சில ஆண்டுகளில், 1876இல், அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலே ஜோசப் பாங்குரொப்ட் முதிர்ந்த பெரும் புழுவைக் கண்டெடுத்தார். நூலிழை போன்ற அப்புழு, உடலிலே நிணநீர் ஓடும் குழாய்களிற் குடியிருந்து, இலட்சக்கணக்கான நுண்குஞ்சுகளை ஈனுகின்றது. குஞ்சுகள் இரத்தத்தில் மிதக்கின்றன. ஆனால், ஒருவரின் இரத்தத்தில் மிதப்பவை மற்றொருவரின் உடலை அடைவது எவ்வாறு?

இவ்வினாவுக்குப் பாதி விடை கண்டவர் பற்றிக் மான்சன். சீனத்துத் துறைமுகமாகிய அமோயிலே சுங்கப் பகுதி வைத்தியராயிருந்த அவர், 1877ஆம் ஆண்டிலே, இரத்தத்திற் புழுக்குஞ்சுகளையுடைய தமது தோட்டக்காரரை நுளம்புகள் கடிக்கச் செய்து, அந்த நுளம்புகளை அறுத்துச் சோதித்தார். குஞ்சுகள் நுளம்பின் உடலுள்ளே வளர்ச்சி பெறுவதைக் கண்டார். பூச்சியொன்று மனித நோயைச் சுமக்கக்கூடும் என்பதற்கு அதுவே முதற் சான்று. மலேரியாவின் மருமத்தை ரொனால்ட் ரொஸ் 1897இல் வெளிப்படுத்துவதற்கு இருபது ஆண்டுகள் முன்னர் நிகழ்ந்தது இது. ரொஸுக்கு வழிகாட்டியாய் நின்றவரும் இதே மான்சனே.

மான்சன் வேறோர் அதிசயத்தையும் கண்டார். ஒரே மனிதரின் இரத்தத்தைப் பகலிலும் இரவிலும் சோதித்தபோது, பகலில் அரிதாய் இருந்த குஞ்சுகள் நள்ளிரவை அண்டித் திரள்திரளாய்த் தோன்றின. பகற்பொழுதில் அவை நுரையீரலின் இரத்தக் குழாய்களில் ஒதுங்கிக்கொள்ளும். இரவிலே, நுளம்பு கடிக்க வரும் வேளையிலே, தோலை அடுத்த குருதியோட்டத்துக்கு வந்துவிடும். எனினும், நுளம்பு தன் உடலிற் கொண்ட புழுவை மனிதனுக்கு எப்படித் திருப்பித் தருகின்றது என்பதில் மான்சன் வழி தவறினார். நுளம்பு இறந்து வீழ்ந்த நீரைக் குடிப்பதனால் நோய் வருமென அவர் எண்ணினார். 1900ஆம் ஆண்டிலே, அவுஸ்திரேலியாவிலிருந்து அனுப்பப்பட்ட நுளம்புகளை இலண்டனிலே ஆராய்ந்த ஜோர்ஜ் கார்மைக்கல் லோ, நுளம்பின் கடிவாயிலேயே புழுக்கள் காத்திருப்பதைக் காட்டினார். அத்துடன் வட்டம் முழுமை பெற்றது.

இந்த வட்டத்திலே ஓர் உண்மை மறைந்திருக்கின்றது. நேயர்கள் அதனை மனத்திற் கொள்ள வேண்டுகின்றேன். புழு உடலிற் புகுந்த பின், கால் வீங்குவதற்குப் பல ஆண்டுகள் செல்லும். அந்த ஆண்டுகளில் அம்மனிதர் திடகாத்திரமாக உலவுவார். ஆனால், அவரது இரத்தத்தில் குஞ்சுகள் நிறைந்திருக்கும். கால் பருத்து யானைக்கால் ஆகும் நாளிலோ, பெரும்பாலும் அவரது இரத்தத்திற் குஞ்சுகள் அற்றுப்போயிருக்கும். எனவே, ஊர் எவரைக் கண்டு ஒதுங்கியதோ அவரால் ஊருக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. எவரோடு ஒரே பந்தியில் இருந்து உண்டதோ அந்த ஆரோக்கியவானின் குருதியிலேதான் நோயின் வித்து இருந்தது. பல நூற்றாண்டு கால ஏளனத்துக்கு இதனினும் கடுமையான மறுப்பு வேண்டியதில்லை.

இனி நமது நாட்டைப் பார்ப்போம். இலங்கையிலே இந்நோய்க்கு இரு புழுக்கள் காரணமாயின. இரண்டுக்கும் வெவ்வேறு நுளம்புகள் துணைநின்றன. ஒன்று வுச்செரேரியா எனப்படுவது. அழுக்கு நீரிற் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பு இதனைப் பரப்புகின்றது. கொழும்பு முதலாக மாத்தறை வரையுள்ள தென்மேற்குக் கரையிலே அடைபட்ட கழிவுநீர்க் கால்வாய்களும், மலசலகூடக் குழிகளும், தும்புத் தொழிலுக்காகத் தேங்காய் மட்டை ஊறவைக்கும் குழிகளும் அந்த நுளம்புக்குத் தொட்டில்களாயின. வயிற்றுப் பிழைப்புக்கு வெட்டிய குழியே நோய்க்கும் இடமாயிற்று.

மற்றையது புரூகியா என்ற புழு. இது நாட்டுப்புறத்து நோய். இதனைச் சுமக்கும் மன்சோனியா நுளம்பின் குடம்பி, ஏனைய நுளம்புக் குடம்பிகளைப்போல் நீரின் மேற்பரப்புக்கு வந்து மூச்சு விடுவதில்லை. குளங்களிலே சிறு கோவாக் கொத்துகள் போல மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேரிலே துளையிட்டு, அச்செடியிலுள்ள காற்றையே உறிஞ்சி வாழும். செடியை அகற்றினால் நுளம்பு மாளும். ஆகவே, குளங்களிலும் குட்டைகளிலும் ஆகாயத்தாமரையை அழிக்கும் வேலை நடைபெற்றது; கையாலும் களையப்பட்டது, களைகொல்லியும் தெளிக்கப்பட்டது. 1960களின் இறுதியளவிலே புரூகியா இந்நாட்டினின்றும் மறைந்துவிட்டதெனக் கருதப்பட்டது. செடியின் வேரை அறிந்தவர் நோயின் வேரை அறிந்தாராயினர்.

கரையோர நகரங்களிலோ இத்துணை எளிதான வழி இல்லை. கழிவு நீரில்லாத நகரம் ஏது? 1947ஆம் ஆண்டிலே யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கம் சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் ஆரம்பிக்கப்பட்டது. சுதந்திரத்துக்கு முந்திய ஆண்டு அது. அதே 1947இலேதான் இந்நோய்க்குரிய மருந்தும் உலகுக்கு அறிமுகமாயிற்று. அம்மருந்தின் கதையும் நமக்கு அண்மையது.

இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது பசிபிக் தீவுகளிற் போரிட்ட அமெரிக்கப் படையினர் பல்லாயிரவர் இந்நோய்க்கு ஆளாயினர். மருந்து காணும் அவசரம் அதனால் எழுந்தது. நியூயோர்க் மாநிலத்திலே லெடர்லே என்ற மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பகுதிக்குத் தலைவராய் இருந்தவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். ஆந்திர நாட்டின் பீமவரத்திலே 1895இல் பிறந்து, சென்னை வைத்தியக் கல்லூரியிற் பயின்று, 1923இல் அமெரிக்கா சென்றவர் அவர். அவரது தலைமையிலே றெஜினோல்ட் ஹியூவிற்று முதலியோர் கண்டறிந்த மருந்து டை எதில் கார்பமசின் என்பது. 'ஹெட்ரசான்' என்ற பெயரிலும் அது வழங்கிற்று. புவேர்ட்டோ ரிக்கோ தீவிலே நோயாளருக்குக் கொடுத்துப் பார்க்கையில், இரத்தத்திலுள்ள குஞ்சுகள் விரைவாக அழிந்தன. மறு ஆண்டே, 1948இல், சுப்பாராவ் காலமானார். அவர் காலத்துக்குப் பின் கோடிக்கணக்கான மக்கள் அந்த மருந்தை உண்டனர். அவர்களுள் அவர் பெயர் அறிந்தோர் மிகச் சிலர்.

நல்ல மருந்து கிடைத்துவிட்டது. இனி நோயைத் தேடி அழிப்பதுதானே மிச்சம்? அவ்வாறே எண்ணினர். குஞ்சுகள் இரவிலேயே இரத்தத்தில் உலவுதலால், இயக்கத்தின் ஊழியர் இரவிலே வீடுவீடாகச் சென்றனர். உறங்கும் வீட்டின் கதவைத் தட்டி, விரல் நுனியில் ஊசியாற் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டிலே பரப்பி எடுத்துச் சென்றனர். புழு கண்ட இரத்தத்துக்கு உரியவரைத் தேடி வந்து மருந்து கொடுத்தனர். விளக்கும் தகடும் ஊசியும் ஏந்தி ஒழுங்கை ஒழுங்கையாக நடந்த அந்த ஊழியரின் பெயர்கள் எந்தச் சரித்திர நூலிலும் இல்லை. எனினும், நூற்றுக்குப் பலரின் இரத்தத்தில் இருந்த புழுவை நூற்றுக்கு ஒருவருக்கும் குறைந்த நிலைக்குக் கொணர்ந்த பெருமை அவர்களுக்கே உரியது.

ஆயினும், அந்த ஒன்றுக்குக் குறைந்த மீதி, ஆண்டுகள் பல கடந்தும் ஒழியவில்லை. காரணங்கள் மூன்றெனலாம். ஒரு துளி இரத்தத்திலே புழு அகப்படவில்லையென்றால் உடலிற் புழு இல்லையென்பதாகாது. சோதனைக்கு வராத வீடு ஒன்றிருந்தாலும் அங்கிருந்து நோய் மீண்டும் புறப்படும். மூன்றாவது, மருந்து குஞ்சுகளை நன்கு கொல்லுமேயன்றி, முதிர்ந்த புழுக்கள் யாவற்றையும் ஒருமுறையிலே கொல்வதன்று. மருந்துண்ட மனிதரின் உடலிலே எஞ்சிய தாய்ப்புழு, சில மாதங்களின் பின் மறுபடி ஈனத் தொடங்கும்.

மருந்தின் இயல்பிலும் ஒரு சங்கடம் இருந்தது. புழுக்குஞ்சுகள் திரளாக மடியும்போது காய்ச்சலும் தலையிடியும் உடல் நோவும் உண்டாகும். புழு மிகுந்தவருக்கே இத்தொல்லையும் மிகும். மருந்து வேலை செய்கின்றது என்பதற்கு அதுவே அடையாளம். ஆயின், நேற்றுவரை நலமாயிருந்தவர் இன்று மருந்துண்டு படுக்கையில் வீழ்ந்தால், அயல் வீட்டார் என்ன நினைப்பர்? நோயில்லாதவனை மருந்து நோயாளியாக்கிற்று என்பர். அக்காலத்தில் மருந்தைப் பன்னிரண்டு நாள் தொடர்ந்து உண்ண வேண்டியும் இருந்தது. முதல் நாட் காய்ச்சலோடு மருந்தைக் கைவிட்டோர் பலர்.

இச்சங்கடங்களைக் கடக்க உலகிலே இரு வழிகள் தேடப்பட்டன. ஒன்று, மருந்தை உணவோடு கலந்துவிடுவது. பிரித்தானியரான பிராங்க் ஹோக்கிங் என்ற அறிஞர் - பௌதிகவியல் மேதை ஸ்டீபன் ஹோக்கிங்கின் தந்தையார் இவர் - சமையல் உப்பிலே சிறிதளவு மருந்தைக் கலந்து கொடுக்கலாமெனக் காட்டினார். 1960களிலே பிரேசிலில் இம்முறை பரீட்சிக்கப்பட்டது. உப்பில் இருக்கும் மருந்து அடுப்புச் சூட்டிற் கெடுவதில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாய் உடலிற் சேர்வதால் காய்ச்சலும் குறைவு. சீனத்திலே 1950களில் ஏறக்குறைய 3 கோடி மக்கள் இந்நோயைச் சுமந்தனர். அங்கே குளிசையும் மருந்துப்பும் சேர்ந்து பல ஆண்டுகள் பயன்பட்டன. 2007ஆம் ஆண்டிலே நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்த முதல் நாடுகளுள் ஒன்றாகச் சீனம் ஏற்கப்பட்டது. நமக்கு எதிர்க்கரையிலுள்ள காரைக்காலிலும் 1980களில் மருந்துப்பு வழங்கப்பட்டு, நோய் பெரிதும் குறைந்தது. ஆயின், வேறு உப்பு விற்கும் கடை ஒவ்வொரு தெருவிலும் இருக்கும் நாட்டிலே இம்முறையை நெடுங்காலம் நடத்துதல் எளிதன்று.

மற்றைய வழி, சோதனையின்றியே ஊரார் அனைவருக்கும் மருந்து கொடுப்பது. பசிபிக் சமுத்திரத்துச் சமோவாத் தீவிலே 1960களின் நடுவில் இம்முறை நாடளாவ மேற்கொள்ளப்பட்டது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவரின் இரத்தத்தில் இருந்த புழு, நூற்றுக்கு இருவர் என்ற அளவுக்கு வீழ்ந்தது. வெற்றியென்றே தோன்றியது. ஆனால், எஞ்சிய சிலரிடமிருந்து நோய் திரும்பவும் பரவியது. பல தடவை மருந்து வழங்கிய பின்னரும், 2018ஆம் ஆண்டிலே, மூன்று மருந்துகளைச் சேர்த்து நாடு முழுவதற்கும் கொடுக்கும் முயற்சியை அந்நாடு மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. தீயை அணைப்பவன் கடைசித் தணலைக் கவனியாது திரும்பிச் செல்லக்கூடாதென்ற பாடத்தை உலகுக்குக் கற்பித்தது சமோவா.

பிற்காலத்து ஆராய்ச்சிகள் வேலையை இலகுவாக்கின. பன்னிரண்டு நாள் உண்ணும் மருந்துக்குப் பதிலாக, ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் உண்ணும் மருந்தும் குஞ்சுகளை நெடுங்காலம் அடக்குமென அறியப்பட்டது. அதனுடன் அல்பெண்டசோல் என்னும் பூச்சி மருந்தைச் சேர்த்தால் பயன் கூடுமெனவும் தெரிந்தது. அது குடற்புழுக்களையும் நீக்குவதால், யானைக்கால் நோயைக் கண்டறியாத வீட்டிலும் குழந்தைக்கு உடனடியான நன்மை கிடைத்தது. 1997இல் உலக சுகாதார மாநாடு இந்நோயை ஒழிக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. மறு ஆண்டிலே ஸ்மித்கிளைன் பீச்சம் நிறுவனம் அல்பெண்டசோலை இலவசமாக அளிக்க முன்வந்தது. 2000ஆம் ஆண்டிலே உலகளாவிய இயக்கம் ஆரம்பமாயிற்று. அப்போது 12 கோடி மக்கள் இந்நோயைச் சுமந்தனர். அவருள் ஏறக்குறைய 4 கோடிப் பேர் உறுப்பு வீங்கி அவதியுற்றனர்.

இவ்வியக்கத்தின் கணக்கு எளியது, எனினும் உறுதியானது. தாய்ப்புழு ஈன்று வாழும் காலம் ஏறத்தாழ நான்கு முதல் ஆறு ஆண்டுகள். அதனைக் கொல்ல முடியாவிடினும் அதன் குஞ்சுகளை ஆண்டுதோறும் அழித்துவரலாம். ஐந்து ஆண்டுகள் நுளம்புக்கு யாருடைய இரத்தத்திலும் வித்துக் கிடையாவிட்டால், தாய்ப்புழு சந்ததியின்றி மூத்து மடியும். இதற்கு ஊரில் நூற்றுக்கு 65 பேராவது ஒவ்வோர் ஆண்டும் மருந்துண்ண வேண்டும். நோயாளர் மட்டும் உண்டால் இக்கணக்கு நிறைவேறாது. எவர் நோயாளரென்று எவருக்கும் தெரியாத நோயிலே, அனைவரும் உண்பதுதான் ஒரே வழி.

இலங்கையிலே மேல், தென், வடமேல் மாகாணங்களுக்குட்பட்ட எட்டு மாவட்டங்கள் இந்நோய்க்கு இருப்பிடம். கொழும்பு, கம்பஹா, களுத்துறை, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை, புத்தளம், குருநாகல் என்பன அவை. அங்கே வாழ்ந்தோர் ஏறக்குறைய 1 கோடிப் பேர். நாட்டின் சனத்தொகையிற் பாதி. 2002 முதல் 2006 வரை ஐந்து ஆண்டுகள், ஆண்டுக்கு ஒருமுறையாக, இவர்களுக்கு இரு மருந்துகளும் ஒருங்கே வழங்கப்பட்டன. கர்ப்பிணிகளும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும், கடும் நோயுற்றோரும் விலக்கப்பட்டனர். கொட்டாஞ்சேனையின் தமிழ்க் குடும்பமும், நீர்கொழும்பின் மீனவக் குடும்பமும், காலிக் கோட்டையின் முஸ்லிம் குடும்பமும், மாத்தறையின் சிங்களக் குடும்பமும் ஒரே குளிசையை ஏந்தின. நுளம்பு எந்த மொழியையும் கேட்டுக் கடிப்பதில்லை. மருந்தும் அவ்வாறே வழங்கப்பட்டது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. "எனக்கு நோயில்லையே, நான் ஏன் உண்ண வேண்டும்?" என்ற வினாவே எங்கும் முதலாவதாக எழுந்தது. அதனை அறியாமை என்று தள்ளிவிடுதல் நியாயமன்று. நோயில்லாத உடலுக்கு மருந்து வேண்டாமென்பது நம் முன்னோர் தந்த நல்லறிவு. உண்டபின் காய்ச்சல் வந்தால் அதனைப் பொறுத்துக்கொள்ள வேண்டியவரும் அவரே. அத்தகைய ஒருவரிடம் ஒரு குளிசையைக் கொடுத்து, 'இது உமக்காக மாத்திரமன்று, அடுத்த வீட்டுப் பிள்ளைக்காகவும் உண்பீராக' என்று கேட்பது சிறிய வேண்டுகோளன்று. அரசு கட்டளையிட்டு இதனைச் செய்விக்க முடியாது. கையிற் பெற்ற குளிசையைச் சட்டைப் பையில் இட்டுக்கொள்ள எவருக்கும் இயலும். ஆகையால், இம்முயற்சியின் முழுப் பாரமும் ஒரு சொல்லிலே தங்கியிருந்தது. நம்பிக்கை என்பது அச்சொல். ஊரறிந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், குடும்ப நல உத்தியோகத்தரும், தொண்டரும் வாசலில் நின்று விளக்கிச் சொன்னபோது, பெரும்பாலானோர் அவர்கள் கண்முன்னே உண்டனர்.

அதன் பயன் கிட்டிற்றா என்பதை அறிய நடந்த பரீட்சை ஆசிரியராகிய எம் போன்றோர்க்கு மிகவும் இனிப்பது. மருந்து வழங்கலை நிறுத்திச் சில ஆண்டுகள் சென்ற பின், 2012, 2013 ஆண்டுகளை ஒட்டி, பாடசாலைகளிலே ஆறு ஏழு வயதுச் சிறுவர்களின் இரத்தம் சோதிக்கப்பட்டது. அவர்களைத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. மருந்து வழங்கல் முடிவுறும் தறுவாயிலே பிறந்தவர்கள் அவர்கள். அவர்களது இரத்தத்திலே புழுவின் தடயம் இருந்தால், நோய் இன்னும் பரவுகின்றதென்பது பொருள். இல்லையேல், முன்னோர் உண்ட மருந்து அவர்களைக் காத்ததென்பது பொருள். பெரியோர் ஐந்து ஆண்டுகள் எழுதிய விடைத்தாளை முதலாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் திருத்தினர் என்று சொன்னால் மிகையாகாது. எட்டு மாவட்டங்களும் அந்தப் பரீட்சையிற் சித்தியடைந்தன.

2016ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, யானைக்கால் நோய் இலங்கையிற் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்ததென உலக சுகாதார தாபனம் அறிவித்தது. அவ்வாண்டிலேயே மாலைதீவும் அந்நிலை எய்தியது. அடுத்த ஆண்டிலே தாய்லாந்து, எகிப்து, தோகோ ஆகிய நாடுகளும், 2023இல் வங்காளதேசமும், 2024இல் பிரேசிலும் இவ்வரிசையிற் சேர்ந்தன. இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பின் உலகெங்கும் வழங்கப்பட்ட மருந்து 900 கோடித் தடவைகளுக்கும் மேற்படும். நோயைச் சுமப்போர் தொகை 2018ஆம் ஆண்டளவில் 5 கோடியளவுக்குக் குறைந்தது. உலக வரலாற்றிலே, நலமுடையோர் இத்தனை பேர் பிறர் பொருட்டு ஒரே மருந்தை உண்ட செய்தி வேறில்லை எனலாம்.

எனினும், வெற்றியைப் பாடும்போது இரு செய்திகளை மறைத்தல் ஆகாது. முதலாவது, 'பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை' என்பதும் 'அறவே இல்லை' என்பதும் ஒன்றல்ல. காலிக் கரையோரத்திலே பிடித்துச் சோதிக்கப்பட்ட நுளம்புகளில் புழுவின் எச்சங்கள் பின்னரும் காணப்பட்டன. நாற்பது ஆண்டுகளாக மறைந்திருந்த புரூகியாவும், நாயிலும் பூனையிலும் வாழவல்லதாய், மீண்டும் ஆங்காங்கே தலைகாட்டியுள்ளது. எனவேதான் யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கம் தன் கதவுகளை மூடாது இரவு நேர இரத்தப் பரிசோதனையைத் தொடர்கின்றது. சமோவாவின் தணலை நாமும் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது, மருந்து நுளம்பின் வழியை அடைத்ததேயன்றி, ஏற்கெனவே வீங்கிய காலைப் பழைய நிலைக்குத் திருப்பவில்லை. அந்தக் காலோடு வாழும் முதியோர் இன்றும் நம்மிடையே உளர். அவர்களுக்கு வேண்டுவன மிக எளியவை. நாள்தோறும் சவர்க்காரமும் நீரும் கொண்டு காலைக் கழுவி, விரலிடுக்குவரை ஈரம் துவட்டி, சிறு புண்ணுக்கும் உடனே மருந்திட்டு, காலை உயர்த்தி வைத்து, இயன்ற பயிற்சி செய்தால், காய்ச்சலோடு வரும் வலியும் வீக்கம் மிகுதலும் பெரிதும் தணியும். அதற்குரிய சிகிச்சை நிலையங்களும் உள. ஆயின், வாசலைக் கடந்து அங்கே செல்ல அவர்களைத் தடுப்பது காலின் பாரமன்று. பிறர் கண்ணின் பாரம். அவரைக் கண்டு ஒதுங்குதல் எக்காலத்தும் அறமாயிருந்ததில்லை, இன்றோ அறிவுமாகாது.

காலி வீதியோரத்துப் பாடசாலைகளிலே இன்று பயிலும் பிள்ளைகளுட் பலர் யானைக்காலைப் பாடப்புத்தகத்துப் படத்தில் மாத்திரமே கண்டவர்கள். அவர்களது பாட்டன்மாருக்கு அது தெருவிலே நாள்தோறும் கண்ட காட்சி. இம்மாற்றம் பெரிய வைத்தியசாலையொன்றிலே நிகழ்ந்ததன்று. இலட்சக்கணக்கான வீட்டு வாசல்களிலே, ஒரு குவளை நீரோடு நிகழ்ந்தது. வள்ளுவர் வகுத்த நான்கு உறுப்புகளோடு, தனக்கு நோயில்லையென்று அறிந்தும் அயலாருக்காக மருந்துண்டவரையும் சேர்த்தெண்ணுதல் தகும். நாளை வேறொரு நோய் வரும். அப்போதும் யாரேனும் ஒரு சுகாதார ஊழியர் நம் வாசலில் நின்று, நலமாயிருக்கும் நம்மை நோக்கிக் கையை நீட்டுவார். அன்று நாம் அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தெளிவாகக் கேட்போம். விடை பெற்ற பின், அந்த ஐந்தாமவராக நிற்போம்.